மீரா அம்மாள் மேல் விழுந்த சீல்

வெங்கடப்பன் என் அக்கா நாராயணம்மாவின் புருஷன். மாமனைக் கேலி செய்யாமல் விட்டால் மச்சானுக்குச் சோறு செரிக்காது. ஆகையால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

பேரிகைக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். கிளைத் தபாலாபீஸ் மாமன் வீட்டு முன்னறையில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு தராசு, மைப்பெட்டி, இரும்புச் சீல், அவ்வளவுதான் ஆபீஸ். காலையில் கேழ்வரகுக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்து, கைகால் கழுவிச் சட்டை மாட்டினால் அவர் போஸ்ட் மாஸ்டர். பதினைந்து வருஷ சர்வீஸ். வெள்ளைக்காரன் காலத்தில் ஜார்ஜ் ராஜா முகம் போட்ட ஸ்டாம்புகளின் மேல் அவர் சீல் அடித்த அடி, எதிர்ச் சாரியில் நூருல்லாவின் தையல் கடை வரைக்கும் கேட்கும். சுதந்திரத்துக்கு ஜெயிலுக்குப் போகாத குறையை மனிதர் இப்படித் தீர்த்துக்கொள்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டோம்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் புது ஸ்டாம்புகள் வந்தன. மகான்களையும் கவிகளையும் சர்க்கார் அச்சடித்து அனுப்பியிருந்தது. கவர்களுக்கு ஒட்டும் இரண்டணா ஸ்டாம்பில் மீரா. மாமனோ சனிக்கிழமை தவறாமல் பஜனை வைக்கிறவர். மீரா என்றாலே கண்ணில் நீர் கட்டிக்கொள்ளும் ஆசாமி. ஸ்டாம்புத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவரை சரி. முதல் கவரை மேஜைமேல் வைத்துச் சீலைத் தூக்கியவருக்குக் கை இறங்கவில்லை.

"அந்தம்மா மூஞ்சியில இரும்பால அடிக்கச் சொல்றாங்களே. ராஜான்னா பரவால்ல, அதுல பாவம் இல்ல" என்றார்.

அன்று முதல் சீல் ஸ்டாம்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, பூனை நடக்கிற மாதிரிச் சத்தமில்லாமல் விழுந்தது. வருகிறவர்கள் ஸ்டாம்பில் எச்சில் தொடவும் தடை போட்டார். கீரை விற்கும் கெம்பம்மா நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, "அப்ப எதுலதான் ஒட்டறது மாஸ்டரே, பஞ்சாமிர்தத்துலயா?" என்று கேட்டாள்.

கவர் போய்ச் சேர்ந்த இடத்தில் மீரா புதுக் கருக்கு அழியாமல் பளிச்சென்று இருந்தாள். நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? பெங்களூரில் வேலையாயிருந்த எங்களூர்க்காரர் இரண்டு பேர், சோற்றுப்பானை ஆவியில் காட்டி ஸ்டாம்பை உரித்து, பதில் கடுதாசிக்கும் அதையே ஒட்டினார்கள். மூன்றாம் தடவை மாட்டிக்கொண்டார்கள். தை மாதத்தில் மேலிடத்திலிருந்து காகிதம் வந்தது. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார். அவர் கண்ணெதிரில் ஸ்டாம்பின் மேல் சீல் விழாவிட்டால் ஆபீசை மூடிவிடுவார்கள்.

மாமன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சம்பளம் என்னவோ சொற்பம்தான். ஆனால் ஊர் மாஸ்டரே என்று கூப்பிடுவது நின்றுபோனால், வெறும் வெங்கடப்பனாக ஒரு நாள்கூட அவரால் இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை நூருல்லாவிடம் போய் நின்றார்.

"நூருல்லா, உனக்கு அந்தம்மா சாமி இல்ல. நாளைக்கி நீ வந்து அடிச்சிடேன். நான் அந்தாண்ட திரும்பிக்கிறன்."

நூருல்லா மிஷினை நிறுத்தவில்லை. "யார் வூட்டுப் பெரியவங்கன்னாலும் பெரியவங்கதான் மாஸ்டரே. என்னால ஆவாது."

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். சிரித்தால் சர்க்காருக்கு நஷ்டம் என்பதுபோல் ஒரு முகம். அக்கா கொடுத்த மோரைத் தொடவில்லை. இருபது கவர்களை அடுக்கி, "அடிங்க, பாக்கறேன்" என்றார்.

மாமன் வழக்கம்போல ஓரத்தில் ஒற்றினார்.

"ஸ்டாம்பு மேல அடிங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, இப்பவே சாவியை வாங்கிக்கிறேன்."

மாமன் கண்ணை மூடினார். இடது கட்டைவிரலால் மீராவின் முகத்தை மறைத்துக்கொண்டார். பதினைந்து வருஷப் பலத்தையும் சேர்த்து ஓங்கிப் போட்டார். அவர் நகத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் சுத்தமாக விழுந்தன. மூன்று மாதத்தில் அவ்வளவு தெளிவான சீல் எங்கள் ஆபீசில் விழுந்ததே இல்லை.

அக்கா ஓடிவந்தாள். ரத்தம் கசிந்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே பொரிந்து தள்ளினாள்.

"ஏங்க, மடத்து சாமி உங்க ரெண்டு தோள்லயும் சங்கு சக்கர முத்திரையைப் பழுக்கக் காய்ச்சி வெச்சாரே, அவருக்குக் கை நடுங்கிச்சா? உங்க மேல அவருக்குக் கோவமா? பெருமாளோட ஆளுன்னா சூடு வாங்கித்தான் ஆவணும். அந்தம்மா விஷத்தையே குடிச்சவ. உங்க மைக்கா பயப்படப் போறா?"

மாமன் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சீலை எடுத்தார். "மன்னிச்சிக்க தாயே" என்று ஒவ்வொரு கவருக்கும் முணுமுணுத்தபடி, நேராக ஸ்டாம்பின் மேல் அடித்தார். இருபதாவதில் அழுதேவிட்டார். நான் கேலி செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டில் 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் பிழைத்தது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார்.

"ஊர்ல அம்மாவுக்கு. ரெண்டணா ஸ்டாம்பு ஒண்ணு குடுங்க."

வாங்கி ஒட்டினார். கோணலாக இருந்ததைச் சரி செய்தார். மாமன் சீலைத் தூக்கவும், அவர் கவரின்மேல் கையை வைத்துவிட்டார்.

"நான் தெருவைத் தாண்டினப்புறம் அடிங்க, மாஸ்டரே" என்றார்.