பூரணி முகாமுக்குப் புறப்பட்ட வாரம்

பட்டாளத்தோடு போக என் தங்கை பூரணியைக் கேட்டு ஆள் வந்தபோது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் நாகலெட்சுமிக்கு ஐந்து வயது. சின்னவள் தவமணிக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது, தாய்ப்பால் மறக்கவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டுக் கடைசியில் மட்டக்களப்புப் பக்கம் பெரும் வெள்ளம். வீடிழந்த சனங்களுக்காகப் பட்டாளத்து வைத்தியர்கள் முகாம் போட்டிருந்தார்கள். சிப்பாய்களுக்குத் தமிழ் வராது, சனங்களுக்குச் சிங்களம் வராது. இரண்டும் பேசத் தெரிந்து, காயத்துக்கு மருந்து கட்டி, பிள்ளைப்பேறும் பார்க்கக்கூடிய பெண் வேண்டுமாம். வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பூரணி வேலை செய்தாள். மருந்து கொடுக்கும் ஐயா யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்லிவிட்டார். என் தங்கச்சியைத் தவிர வேறு யார் பெயரைச் சொல்லியிருக்க முடியும்?

அவள் புருஷன் பொன்னையா விழுந்து விழுந்து சிரித்தார்.

"வோட்டு லிஸ்டுல தோட்டத்து ஆளுங்க பேரே இல்லைங்கிறாங்க. வெள்ளம் வந்தா மட்டும் பேரு எப்படி கெடச்சிச்சு? ஏய், துப்பாக்கி குடுத்தா இடுப்புல சொருவுவியா, கொழுந்துக் கூடையில போடுவியா?"

"குடுக்கட்டும். மொதல்ல ஒங்களத்தான் சுட்டுப் பாப்பேன்" என்றாள் பூரணி.

சிரிப்பு அடங்கியதும் அவர் முடிவாகச் சொன்னார். "சின்னவ வேற கையில பாலு குடிச்சா போ. குடிக்கலன்னா, யாரு வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன்." பூரணி தலையசைத்தாள். திங்கட்கிழமை ரயில். அதற்குள் பிள்ளை குடிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்கப் பனி மலையை விட்டு இறங்கவேயில்லை. கதவைத் திறந்தால் உள்ளே வந்து அடுப்படியில் நின்றது. பூரணி தூக்கத்தில் நடப்பவள்போல இருந்தாள். சேலையை மடிக்க எடுப்பாள். பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளையின் உள்ளங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தான் பார்த்திராத அந்த ஊரை நாகலெட்சுமிக்குச் சொல்வாள்: எங்கு பார்த்தாலும் தண்ணீர், தண்ணீருக்கு மேலே தென்னந்தலைகள், ஒரு மேடு கிடையாது.

"மலையே இல்லையாம்மா?"

"இல்லடி."

"அப்ப மேகமெல்லாம் எங்கம்மா ஒக்காரும்?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு நான்தான் ஆயா. தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை என்னிடம் விடுவார்கள். பால் கொடுக்கும் நேரத்துக்கு வந்து போவார்கள். வெள்ளைச் சேலை கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிச் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதில் நான் ஒரு நாளும் பிசகியதில்லை. அப்படியே சுத்தமாகப் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி, சங்கில் ஊற்றித் தவமணிக்குப் புகட்டினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பால் கழுத்து வழியே ஓடியது. மறுநாளும் அதே கதைதான். பூரணி மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, கையால் துடைத்தது, பிறகு குடித்தது.

"ஒங்க தங்கச்சி மக வேப்பமரத்தையே தின்னுருவா மதினி" என்றார் பொன்னையா. ஆனால் அவர் கண்ணிலும் சிரிப்பு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பூரணி ஆஸ்பத்திரியிலிருந்து மழையில் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறி வந்தாள். மழைக்குத் தலையிலிருந்து முழங்கால் வரை தொங்கவிடும் கம்பளி அவள் மேலே. பிள்ளை என் மடியில் கத்திக்கொண்டிருந்தது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பார்த்தாள். அப்போது அம்மாக்கண்ணு என்ற கொழுந்துக்காரி, தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க ஈரக் கம்பளியோடு எங்களைத் தாண்டிப் போனாள். தவமணி சட்டென்று அழுகையை நிறுத்தி, அவள் போன பக்கம் கழுத்தைத் திருப்பினாள்.

பூரணி என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "அக்கா, பகல்ல இந்தக் கம்பளியோடதான் நான் பாலு குடுக்குறேன். ராத்திரி அடுப்புல காய வச்சு இதையேதான் போத்திக்கிறோம். பொறந்ததுலேருந்து அவளுக்குப் பாலுன்னா இந்த வாடைதான். ஒங்க மேல சோப்பு வாடைதானே அடிக்குது."

கம்பளியைக் கழற்றி என் தலையில் போட்டாள். நனைந்த ஆடு ஒன்று முதுகில் ஏறிய மாதிரி கனத்தது.

"தொரை கண்டா என்னடி சொல்றது?"

"அவரு தலையிலயும் ஒண்ணப் போட்டுவிடுங்க."

தொங்கிக்கொண்டிருந்த தொட்டில் சேலைகளுக்குப் பின்னால் அவள் மறைந்துகொண்டாள். பிள்ளை மூக்கைக் கம்பளியில் தேய்த்தது. ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தது. கண்ணை மூடிக்கொண்டது. நான் சங்கை வைத்தேன், வாய் திறந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அவள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"குடிக்கிறாளாக்கா?" சேலைகளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தூரத்து மலையிலிருந்து வந்ததுபோல இருந்தது.

"குடிக்கிறாடி."



கம்பளி என்னிடமே தங்கியது. "மழை ஊருக்கு வெறுந்தலையோட போறியே" என்றேன். "பட்டாளத்துல ஒரு கம்பளி கூடவா இருக்காது? நீங்க சுத்தக்காரி, தொவச்சி மட்டும் போட்டுறாதீங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் வட்டகொடை ஸ்டேசன் பனிக்குள் மிதந்தது. தியத்தலாவையில் இறங்கி அவள் பட்டாளத்து லொறியில் சேர வேண்டும். பொன்னையா தோளில் நாகலெட்சுமி. கம்பளிக்குள் என் நெஞ்சோடு தவமணி, ஓரத்தைச் சப்பிக்கொண்டு. பதுளை ரயில் முதலில் சத்தமாக வந்தது, பிறகு வெளிச்சமாக, பிறகுதான் ரயிலாக வந்தது.

பூரணி குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை.

"திருப்பிக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாங்க்கா. இதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்."

அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் பாலில் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பெட்டியில் ஏறினாள்.