பூட்டுப் போட்ட மாதா பாட்டு

எங்கள் ஊர் அனுமந்தை ஆரோக்கியராஜுக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. வருடக்கணக்காக உப்பின் வெளிச்சத்தைப் பார்த்தே வலக்கண் கெட்டுவிட்டது. இனியும் அளத்தில் நின்றால் மற்றதும் போய்விடும் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குத் தெரிந்த இன்னொரு தொழில் பாடுவதுதான். மாதா மேல் தாமே கட்டிய எட்டுப் பாட்டுகளை 2005 ஜூனில் சென்னை ஸ்டுடியோ ஒன்றில் பதிந்து, ஐந்நூறு சிடி போட்டார். மனைவி அந்தோணியம்மாளின் தோடும் இரண்டு ஆடுகளும் அதற்குப் போயின.

சிடிக்கு எட்டு ரூபாய் கூடக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டுத் தருவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார். இவரும் கொடுத்தார். ஸ்டுடியோவில் போட்டுக் காட்டியபோது நன்றாகவே பாடியது. இருபது சிடியைச் சென்னையிலேயே ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் எங்கள் ஈ.சி.ஆர். சாலையைக் கடப்பார்கள். கூட்டத்துக்கு ஒரு தள்ளுவண்டி. அதில் மாதா சுரூபம், பேட்டரி, ஸ்பீக்கர், சிடி பிளேயர். வண்டியில் எது பாடுகிறதோ அதைத்தான் நடப்பவர்கள் கேட்டு வாங்குவார்கள். அதை நம்பிச் சாலையோரம் மேசை போட்டார். நானும் உடனிருந்தேன்.

முதல் வண்டியில் சிடி சுற்றியது, நின்றது. துடைத்துப் போட்டார்கள், மறுபடி நின்றது. அடுத்தடுத்த வண்டிகளிலும் அப்படியே. மலிவான அந்த பிளேயர்களுக்குள் கம்ப்யூட்டரில் சிடியைப் படிக்கும் அதே கருவிதான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. திருடனுக்குப் போட்ட பூட்டு வாங்குகிறவனையும் வெளியே நிறுத்திவிட்டது.

“இன்னாண்ணே, காலி டிஸ்க்கா விக்கிற?” என்று ஒருவன் சிரித்தான்.

மாலையில் ஒரு வண்டி ஆரோக்கியராஜின் குரலிலேயே பாடிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்பா, இது ஏது உங்களுக்கு?”

“பஜார்ல வாங்கினது. எம்பி3ண்ணே. நூத்தம்பது பாட்டு, முப்பது ரூபா.”

“பூட்டுப் போட்டிருந்துதேப்பா! எப்பிடி எடுத்தானுங்க?”

“நல்ல பிளேயரா பாத்து அதோட ஹெட்போன் ஓட்டையில வயர சொருகி கம்ப்யூட்டர்ல வுட்டா, பாடப் பாட ஏறிட்டுப் போவுது. இதுக்கு பூட்டு வேறயா? புடிச்சிருந்தா சொல்லு, உனக்கும் ஒண்ணு போட்டுத் தர்றேன்.”

“டேய், அது என் பாட்டுடா.”

“அப்பிடியா? எங்க, பாடு பாப்போம்.”

நடுச்சாலையில் நின்று பாடினார். சிரித்தவர்கள் அடங்கினார்கள். கண் கலங்கிய ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, “உங்க சிடி ஒண்ணு குடுங்கய்யா” என்றார்.

“அக்கா, அது எதுலயும் பாடாது. அதான் நம்ம டிஸ்க்குல இருக்குதே!” என்று வண்டிக்காரன் தடுத்தான். அந்த அம்மா ஓர் ஆரஞ்சுப் பழத்தை ஆரோக்கியராஜின் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

பூட்டை எடுத்துத் தரச் சொல்லி மறுநாள் ஸ்டுடியோவுக்கு போன் செய்தார். அச்சான சிடியில் எடுக்க முடியாது, புதிதாகத்தான் போடவேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டும் என்றார்கள்.

2006 மாசியில் ஆரோக்கியராஜ் மறுபடி அளத்தில் இறங்கினார். அந்தோணியம்மாள் சந்தையில் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தந்திருந்தார். வேர்வையும் உப்பும் படிந்து அதில் வழி தெரியவில்லை. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உப்பை வாரத் தொடங்கினார்.