வெயிலுக்குக் காத்திருந்தவர்

ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஏழு மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையைத் திறந்து, கரும்பலகையில் திகதி எழுதினேன். மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது.

இரண்டாம் தரத்துக்குச் சுற்றாடல் பாடம் எடுத்த ஆசிரியர் முற்றத்தில் நின்றார். நெட்டையான, ஒல்லியான மனிதர். பாடசாலைக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையில் தனியாகத் தங்கியிருந்தார். காலையில் மண்ணில் ஒரு கம்பை ஊன்றி, நிழல் விழுகிறதா என்று பார்ப்பது அவருடைய பழக்கம். நிழலைப் பற்றிய பாடம் மட்டும் பாக்கியிருந்தது. அன்று மாலை அவர் மாற்றலாகிப் போகிறார்.

"டார்ச் அடிச்சுக் காட்டிடலாமே சார்," என்றேன்.

"வேணாங்க டீச்சர். புள்ளைக அவங்கவங்க நெழல தொரத்தி ஓடணும். அதுதான் பாடம்."

கடைசிப் பாடவேளையிலும் பனி விலகவில்லை. "நெழலு எப்ப காணாமப் போகும்?" என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

"ஸ்கூலுக்கு வந்தா சார்!" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகலை பஸ்ஸுக்கு அவரை வழியனுப்ப நான் மட்டும்தான் போனேன். "வெயில் வந்தா ஊனிருங்க," என்று கம்பை என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் வெயில் வந்தது. வகுப்பறைகளைத் திறக்கும் முன்பே முற்றத்தில் கம்பை ஊன்றினேன். பிள்ளைகள் தங்கள் நிழல்களைத் துரத்திக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சிறுமி மட்டும் கம்பின் நிழலருகே நின்றுவிட்டாள்.

"சாரு மாதிரியே நெட்டையா இருக்கு டீச்சர்," என்றவள், அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினாள்.