கல்யாணராமன் சார் மூக்கைப் பொத்தாத நாள்

நொச்சிக்குப்பத்துத் தாயம்மா எனக்கு மச்சினி முறை. என் சித்தப்பா மகன் கட்டியது அவளுடைய பெரிய அக்காவை. அந்த அக்காவின் மருமகள் கோமளம், பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள். இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அவள் வரும்போது யார் என்று கேட்கக் கூடாது.

தாயம்மா முப்பது வருஷமாகத் தலையில் மீன்கூடையோடு மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்து வழியாகப் போவாள். அந்தச் சந்தில் மீன் வாங்குகிற வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் சுற்றிப் போனால் அவளுக்குக் கால் வலிக்கும். குறுக்கே போனால் கல்யாணராமன் சாருக்கு வாய் வலிக்கும். அவர் அந்தச் சந்தில் குடியிருப்பவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடை தெருமுனையில் திரும்பும்போதே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கேட்டில் ஊதுபத்தி கொளுத்திச் செருகிவிடுவார்.

"நோக்குப் போறதுக்கு வேற வழியே கிடையாதா?" என்பார்.

"கடல்ல பொறந்ததுக்கு ரோஜாப்பூ வாசனையா வரும் சாமி?" என்பாள்.

முப்பது வருஷத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் இவ்வளவுதான்.

கொரோனா இரண்டாம் முறை வந்தபோது வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க ஆள் எடுத்தார்கள். தாயம்மா விடிகாலையில் மீனை விற்றுவிட்டு அந்த வேலைக்குப் போனாள். அதே சந்துதான் அவள் பங்குக்கு வந்தது. நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்று, விரலில் மாட்டி உடம்பில் காற்று எவ்வளவு என்று பார்க்கிற கிளிப் ஒன்று, ஒரு போன். வீட்டுக்காரர் சொல்லும் பதிலைப் போனில் தட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஏஐ என்று ஒரு கம்ப்யூட்டர். அது தானே யோசித்து, தெருவுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசும். சிவப்புத் தெருவுக்குத்தான் டாக்டர் வண்டி முதலில் போகும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பழக்கிய கம்பெனியில் வேலை பார்த்தவன் சாய்நாத். கல்யாணராமன் சாரின் ஒரே பிள்ளை. அடையாறில் பெண்டாட்டி மதுவந்தியோடு தனிக்குடித்தனம்.

பிள்ளை செய்த மிஷின் என்றதும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தெரு பச்சை, தெரியுமோ? சாய்நாத் படம் அனுப்பிச்சான்" என்று தினமும் தாயம்மாவிடம் சொல்வார். முகத்தில் மாஸ்க், மாஸ்க்குக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் கை. அத்தனையையும் தாண்டிப் பெருமை வெளியே வந்தது.

கிளிப்பில் மட்டும் விரலை வைக்க மாட்டார். "ஊர்ல இருக்கறவா விரலெல்லாம் பட்டது. நன்னாத்தான் இருக்கேன், அப்படியே போட்டுக்கோ."

மே மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. தாயம்மா வஞ்சிரம் வெட்டிக் கொடுத்துவிட்டுக் குளிக்க நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தாள். புடவையெல்லாம் கவுச்சி. சார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டில் ஊதுபத்தி இல்லை. துண்டு தோளிலேயே கிடந்தது.

"வா தாயம்மா, இந்த வெயில்ல வரயே, மோர் சாப்பிடறயா?" என்றார்.

திட்டியிருந்தால் தாயம்மா நிம்மதியாகப் போயிருப்பாள்.

நெற்றியில் கருவியைப் பிடித்தாள். தொண்ணூற்றெட்டு. இருமல் இல்லை என்றார். மூச்சு வாங்கவில்லை என்றார். வாசனை "பேஷா தெரியறது" என்றார். எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே தட்டினாள். போன் பச்சை காட்டியது.

முனை வரை போனவள் திரும்பி வந்தாள். மகளுக்குக் கொடுக்க வைத்திருந்த நெத்திலிக் கருவாடு பையில் இருந்தது. காகிதப் பொட்டலத்தை லேசாகப் பிரித்து, சாருக்கு ஒரு முழம் தள்ளிக் கேட்டின் மேல் வைத்தாள்.

ஜன்னலில் நின்றிருந்த ஜெயலக்ஷ்மி மாமி, சாரின் மனைவி, "ராம ராமா, என்ன நாத்தம்" என்று புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். சார் பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"சாமி, இன்னா வாசன வருது, சொல்லு?"

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். மாமியின் தலைப்பைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள் எத்தனை பேரைப் பிடித்தவர்.

"சாக்கடை" என்றார்.

"கருவாடு, சாமி. உன் மூக்கு போயிட்டுக்கீது. எத்தினி நாளா ஜொரம்?"

மாமி வெளியே ஓடிவந்தாள். "மூணு நாளா தலைவலி மாத்திரைன்னு முழுங்கிண்டிருந்தது இதுக்குத்தானா? நேத்து ரசத்துல உப்பே போடலை. பிரமாதம்னு ரெண்டு தரம் கேட்டு வாங்கிண்டேளே."

சார் தலையைக் குனிந்துகொண்டார். வாசலைத் தகரம் வைத்து அடைப்பார்கள் என்றோ, முகாமில் கொண்டுபோய்ப் போடுவார்கள் என்றோ அவர் பயப்படவில்லை. "நம்ம பிள்ளை போட்ட படத்துல தெரு பச்சையா இருக்கு, ஜெயா. பெத்த அப்பனே அதைச் சிவப்பாக்கறதா?" என்றார்.

மாமி அவர் கையை இழுத்து விரலைக் கிளிப்பில் வைத்தாள். எண்பத்தாறு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று தாயம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த நோய் அப்படிப்பட்டது. ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், உள்ளே காற்று தீர்ந்துகொண்டிருக்கும்.

தாயம்மா சாய்நாத்துக்குப் போன் போட்டாள். அவன் முதலில் மிஷினைத்தான் பார்த்தான்.

"அப்பாவுக்கு லோ ரிஸ்க்னுதான் காட்டறது, தாயம்மா. நீங்க கிளிப்பைச் சரியா மாட்டலையோ என்னவோ."

"நைனா, உன் மிஷினு மூக்கில்லாம பொறந்தது. உங்கப்பா அதாண்ட பொய் சொல்லிக்கீறாரு, அது நம்பிக்கினு கீது. பேசிக்கினு நிக்காத, கெளம்பு."

சாய்நாத் கிளம்பிக்கொண்டே, காலிப் படுக்கை காட்டுகிற திரையைத் திறந்தான். நாலு இடத்தில் காலி என்றது. நாலு இடத்துக்கும் போன் செய்தால், நிரம்பி இரண்டு நாள் ஆயிற்று என்றார்கள். திரையில் மாற்றிப் போட வேண்டியவர்களே காய்ச்சலில் படுத்திருந்தார்கள்.

தாயம்மா கோமளத்தைக் கூப்பிட்டாள்.

"அத்தே, இப்பத்தான் ஒருத்தர் நல்லாயி ஊட்டுக்குப் போனாரு, கட்டில தொடச்சிக்கினு கீறேன்" என்றாள் கோமளம். "புடிச்சி வெக்கல்லாம் முடியாது. வாசல்ல வரிசை கீது. சட்டுனு இட்டுக்கினு வா."

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றபோது காற்று எண்பத்தொன்றுக்கு இறங்கியது. மாமி சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாய்நாத் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கட்டில் முன்னால் நின்ற ஒருவருக்குப் போயிற்று. அடுத்து காலியானது சாருக்குக் கிடைத்தது. மறுநாள் வந்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். பத்தொன்பது நாள் கழித்து, பாதி ஆளாக, ஆனால் ஆளாக, சார் வீடு வந்து சேர்ந்தார்.

சாய்நாத் நல்ல பிள்ளை. தப்பு தெரிந்தால் திருத்துகிறவன். திருத்தவும் செய்தான். மிஷினில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்தான்: 'மீன் வாசனைக்கு மூக்கைச் சுளித்தாரா?' ஆம், இல்லை. இரண்டே நாளில் நொச்சிக்குப்பம் முழுக்கச் சிவப்பு. மூன்று வண்டியில் வெள்ளை அங்கிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எங்கள் குப்பத்தில் மீன் வாசனைக்கு எவன் மூக்கைச் சுளிப்பான்? வந்தவர்கள்தான் சுளித்தார்கள்.

கேள்வியை எடுத்துவிட்டான். அதற்குப் பதில், வீடு வீடாகப் போகிறவர்கள் தோன்றியதைப் போனில் பேசி அனுப்பலாம் என்று ஏற்பாடு செய்தான். தாயம்மா பேசியது மிஷினுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. எல்லாவற்றையும் சாய்நாத்தே உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று.

முதல் வாரத்தில் தாயம்மா அனுப்பியது ஒன்று: "பதினேழாம் நம்பர் ஊட்டு அம்மா மூணு நாளா சண்டையே போடல. எனிக்கு சரியாப் படல நைனா, ஆள அனுப்பு."

சாய்நாத் உடனே டாக்டரை அனுப்பினான். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, காற்றும் தொண்ணூற்றெட்டு. மருமகள்தான் மூன்று நாளுக்கு முன்னால் நங்கநல்லூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள்.