சிம்ஹா ‘போ’ என்று பாடிய குளிர்காலம்

முதலில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும், யாரோ பல்லிடுக்கால் மூச்சு விடுவதைப் போல. பிறகு தோல்வாத்தியம் ஒன்று இரண்டு தட்டுத் தட்டி நிற்கும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் குரல் எங்கள் குசினிச் சுவரோரம் ஓடிய ‘ஹீற்றர்’ குழாய் வழியாக இறங்கி வரும். மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் நாங்கள் முதன்முதல் குடியிருந்த கட்டடத்தில் வெந்நீர்க் குழாய்கள் தளத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போயின. மேல்வீட்டின் இருமலையும், கதிரை இழுபடும் சத்தத்தையும், அங்கே வளர்ந்த நாயின் நகங்கள் தரையைக் கீறுவதையும் அவை சூட்டோடு சேர்த்து எங்களுக்குக் கொண்டுவந்தன. மாலையில், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஈரக் காலுறைகளைக் குழாயின்மேல் காயப்போடும் நேரத்தில், பாட்டைக் கொண்டுவந்தன.

அது என்ன மொழியென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் எல்லாரும் அறிவோம். ‘போ.’ அந்தப் பெண் அதை நீட்டியும் குழைத்தும், சில வேளை அழுவது போல இழுத்தும் பாடுவாள். அவளுக்குப் பின்னால் வேறு சில குரல்கள் சேர்ந்து ‘போ’ என்னும். அடுத்து வந்த ‘எலாய்’ என்ற சொல் அம்மாவின் காதில் ‘எல்லாரும்’ என்று விழுந்தது. போ, எல்லாரும் போ.

கடைக்குப் போவதற்குக்கூட ‘போறன்’ என்று சொல்லக்கூடாத வீடு எங்களுடையது. ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னால் அம்மா படியில் மறித்துத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகே விடுவாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் நாள்தோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பெண் வந்து ‘போ’ என்று பாடினால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் அகதி விசாரணைக்காகக் காத்திருந்தோம். அப்பா ஊரில் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர், இங்கே உணவகம் ஒன்றில் ‘கோப்பை கழுவினார்’. அவருக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாங்கில் ஒழுங்காக இருந்து படித்த முதல் ஆள் நான்தான். இதை எழுதும்போது இன்றைக்கும் என் முதுகு சற்று நிமிர்கிறது. ஆனால் அந்த வயதில் என் படிப்பால் வீட்டுக்குக் கிடைத்த பயன், எங்கள் வழக்கைப் பார்த்த லோயர் பிரெஞ்சில் சொல்வதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று தமிழில் சொல்வதுதான். அப்படி நான் சொன்னவற்றில் ஒன்று இது: குறித்த நாளில் நாங்கள் அங்கே போய் நிற்காவிட்டால், வழக்கை நாங்களே கைவிட்டதாக எடுத்து மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு திருப்பி அனுப்புவதுதான்.

அம்மா ஊரில் எந்தக் காரியத்துக்கும் பல்லியின் சத்தத்துக்குக் காது கொடுத்தவள். எந்தத் திசையில் சொன்னது, யாருடைய பேச்சுக்கு நடுவில் சொன்னது என்றெல்லாம் அவளுக்குக் கணக்கு உண்டு. மொன்றியலில் பல்லி இல்லை. வாய் பேசாத சுவர்களுக்கு நடுவில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊரில், அவளுடைய காது கடைசியாகக் குழாயில் போய் நின்றது. பாட்டை இரண்டு தரம் போட்ட ஒரு நாளில்தான் எங்களைப் போலவே அகதி விசாரணைக்குப் போன கீழ்வீட்டு அண்ணைக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது. அதோடு அம்மா முடிவு செய்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, குழாய் சொல்லுறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“குழாய் என்னத்தைச் சொல்லும்? சுடுதண்ணி ஓடுது.”

“போகட்டாம். எல்லாரையும் போகட்டாம்.”

“உமக்கு விசர்,” என்றார் அப்பா. ஆனால் அடுத்த நாள் பாட்டுத் தொடங்கியபோது அவருடைய கை சோற்றில் அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

ரொறன்ரோவில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, தொலைபேசியில் இந்த நெருப்புக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். “அக்கா, உங்க இருந்து என்ன செய்யப்போறியள்? பிரெஞ்சும் தெரியாது, ஒரு சனமும் தெரியாது. இஞ்ச வாங்கோ. விசாரணையைப் பேந்து, ஆறுதலாப் பாப்பம்.”

“பேந்து பாக்கேலாது மாமா! லோயர் சொன்னவர்!” என்று நான் பக்கத்தில் நின்று கத்தினேன்.

“உவள் ஏன் பெரியாக்கள் கதைக்கேக்க வாய் வைக்கிறாள்?” என்றார் மாமா.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை மாமா வான் கொண்டுவருவதாக ஏற்பாடு. அப்பா ‘ஓம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. அந்தக் கிழமையில் ஒரு மாலை, பாட்டு இறங்கி வந்ததும், அவர் என்னைக் கூப்பிட்டார். “மேல போய் அந்த மனிசியிட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு பிள்ளை. கோபமாச் சொல்லிப்போடாதை.”

மேல்வீட்டில் இருந்தவர் மதாம் எஸ்தெர். மருத்துவமனையில் இரவு முழுவதும் நோயாளிகளின் கட்டில் தள்ளிவிட்டுப் பகலில் தூங்கி, மாலையில் எழும்பிக் கோப்பி போடும்போது பாட்டுப் போடுகிறவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மொரோக்கோவில் பிறந்து, சிறு வயதில் இஸ்ரேலுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர் என்பதால் பிரெஞ்சும் எபிரேயமும் பேசுவார். மோத்தெக் என்ற அவருடைய குட்டை நாய்க்குத் தெரிந்தது எபிரேயம் மட்டும்தான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லும் முன்பே அவர் ‘கசற்’ உறையை என் கையில் தந்துவிட்டார். அதில், கூந்தலைக் குடை போல விரித்துவிட்டு, தோளைத் தொடும் தோடுகள் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். “இவள்தான் சிம்ஹா. எங்கள் ஊரில் இவளைத் தெரியாத டாக்சிக்காரன் கிடையாது,” என்றார். எனக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘போ’ என்றால் என்ன?

“வா,” என்றார் மதாம் எஸ்தெர். “போ எலாய். என்னிடம் வா. வேறென்ன பாடுவாள், பாவம்!”

நான் படிகளில் விழாத குறையாக ஓடி வந்து சொன்னேன். அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வா எண்டிறதுக்குப் போ எண்டு சொல்லுற பாஷையும் உலகத்தில இருக்கோ? பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வர இவளுக்கு மனமில்லை. அதுக்குப் புளுகிறாள்.”

“உண்மையா அம்மா! பாடுறவளின்ர பேர் சிம்ஹாவாம்.”

“சிங்கமோ?” என்றார் அப்பா. “அதுதான் இந்தக் கர்ச்சினை.” அந்தப் பகிடிக்கு அவரே சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, தண்ணீரில் ஊறி வெளிறிப்போன விரல்களால் பெட்டிகளுக்குக் கயிறு கட்டத் தொடங்கினார். அம்மா பயந்தபோதெல்லாம் அப்பா இருக்கிறார் என்று நினைத்திருந்த எனக்கு, அவர் பேசாமல் முடிச்சுப் போடுவதைப் பார்த்தபோதுதான் உண்மையான பயம் வந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் நான். என்னைத்தான் நம்புகிறார்கள் இல்லை.

சனிக்கிழமை காலை மாமா வானை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே சாமான்களை ஏற்றினார். மெத்தை, பெட்டிகள், பின்னால் அரிசி மூட்டை. அம்மா ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கோட்டுகள் போட்டு, சாமிப் படத்தைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி படியில் இறங்கினாள். நான் அழுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தேன். வேலை முடிந்து வந்து நாயை வெளியே கூட்டிவந்திருந்த மதாம் எஸ்தெர் கட்டடக் கதவில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டார். மோத்தெக் நேரே போய் வானின் பின்பக்கம் பாய்ந்து ஏறி அரிசி மூட்டையை முகர்ந்து காலைத் தூக்கப் பார்த்தது.

“சூ! போ! போ!” என்று மாமா கத்தினார்.

நாய் காலைக் கீழே போட்டது. வாலை ஆட்டிக்கொண்டு மாமாவிடம் ஓடி வந்தது.

“அட, போ எண்டிறன்! போ!”

அது அவருடைய முழங்காலில் முன்கால்களைத் தூக்கி வைத்தது. மாமா பின்னால் நகர்ந்தார். கையை ஓங்கி இன்னும் பலத்துப் ‘போ’ என்றார். அது இன்னும் மகிழ்ச்சியாகத் துள்ளி ஏறியது. “அக்கா, இந்த நாய்க்கு விசர்! போ எண்டால் வருகுது!”

அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். மதாம் எஸ்தெர் சிரித்துக்கொண்டு கதவடியிலிருந்து “போ, மோத்தெக்!” என்றார். நாய் திரும்பி அவரிடம் ஓடியது. அம்மா சாமிப் படத்தை அப்பாவிடம் கொடுத்தாள். குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெல்ல, நாயைப் பார்த்து, “போ,” என்றாள்.

அது வந்து அவளுடைய சப்பாத்தின்மேல் குந்தியது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. “தம்பி, அரிசியை இறக்கு,” என்றாள்.

“என்னக்கா?”

“செவ்வாய்க்கிழமை போய் நிண்டு சொல்லுறதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சம். இறக்கு.”

“ரொறன்ரோவில இருந்து விடிய விடிய ஓடி வந்தது நாய் பாக்கவோ?” என்று மாமா புறுபுறுத்தபடி இறக்கினார். அப்பா மெத்தையை தனியாகவே தோளில் போட்டு மேலே தூக்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை என்னை உள்ளே விடவில்லை. நான் தனியாக இருக்கக் கூடாது என்று, வேலையால் வந்த களைப்போடு மதாம் எஸ்தெர் என்னோடு நடைவழியில் வந்து இருந்தார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறார்கள், அம்மா என்ன சொல்கிறாள் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை அவளுடைய இருமல் மட்டும் கேட்டது. நான் நகத்தைக் கடிப்பதைப் பார்த்துவிட்டு மதாம் எஸ்தெர் சிம்ஹாவின் கதையைத் தொடங்கினார்.

சிம்ஹாவின் தகப்பன் மொரோக்கோவிலிருந்து வந்த சப்பாத்துத் தைப்பவர். மொரோக்கோ, யேமன், ஈராக் என்று நாடு நாடாக வந்தவர்கள் குடியிருந்த தகரக் கொட்டகைகளில் வளர்ந்து, பதினைந்து வயதில் கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கியவள். முதல் கசற்றைச் சுவரில் மெத்தை சாத்திய ஓர் அறையில் பதிவு செய்தார்களாம். அது கடைகளுக்குப் போகவில்லை. டெல் அவிவ் பேருந்து நிலையத்தில், வறுத்த விதைகள் விற்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் கூவி விற்றார்கள். வானொலிக்குப் போனபோது இதே மாதிரி ஒரு நடைவழியில் காலையிலிருந்து அவளை இருத்திவைத்து, “குரல் நல்லது, ஆனால் இந்த நடுக்கம் கல்யாண வீட்டுக்குத்தான் சரி,” என்று அனுப்பிவிட்டார்கள். டாக்சிக்காரர்களும் சந்தைக்காரர்களும் போட்டுப் போட்டுத் தேய்த்த பிறகு, அதே வானொலி நாள் முழுவதும் அவளைப் போட்டது. பெரிய மண்டபங்கள், தொலைக்காட்சி, பாரிஸ். ஒருகாலத்தில் அங்கே புகழ்பெற்ற பாடகர்களில் பலர் அந்தப் பேருந்து நிலையத் தட்டுகளிலிருந்து எழும்பியவர்கள்தான் என்றார் மதாம் எஸ்தெர்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அந்த மெத்தை அறையில் நானும் நின்றேன். அவள் ‘போ’ என்றதும் பின்னால் ‘போ’ என்பவர்களில் ஒருத்தி நான்.” அதைச் சொன்ன பெருமையோடு தலையைச் சுவரில் சாய்த்தவர், அப்படியே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.

கதவு திறந்தபோது லோயர்தான் முதலில் வந்தார். அவருடைய முகத்தைப் படிக்க முயன்றேன். அவர் கைப்பெட்டியின் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா வந்தார்.

“இருக்கலாமாம்.”

அம்மா எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காவலாளி வந்து இனிப் போகலாம் என்று சொல்லும்வரை இருந்தாள்.

அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் இப்போதும் நான் வேலைக்குப் பேருந்தில் போகிறேன். மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. கட்டடம் கைமாறிவிட்டது, வெந்நீர்க் குழாய்களைப் பிடுங்கி மின்சூடாக்கிகள் பொருத்திவிட்டார்கள் என்று கேள்வி. மதாம் எஸ்தெர் சுகமில்லாத தமக்கையைப் பார்க்க இஸ்ரேலுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். சில காலம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம், பிறகு அந்த இலக்கத்தில் யாரும் எடுக்கவில்லை. சிம்ஹாவை இணையத்தில் தேடிப் பிடித்தேன். புதுக் குரல்கள் வந்ததும் அவள் மீண்டும் கல்யாண வீடுகளுக்குத் திரும்பி, பிறகு பாடுவதையே விட்டுவிட்டாளாம். அந்தப் பாட்டு இருக்கிறது. யாரோ நன்றாகத் துப்புரவாக்கியிருக்கிறார்கள். அந்த ‘உஸ்’ சத்தம் இல்லை. பின்பாட்டுக்காரர்களின் பெயர்களும் இல்லை.

அம்மாவும் அப்பாவும் நகரின் மேற்கோரம் ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட, சொந்த வீட்டில் இருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பனியை இயந்திரத்தால் வாரி எங்கள் வாசலில் கொட்டினார். அம்மா வீட்டுச் செருப்போடு வெளியே பாய்ந்து, “மெஸ்யூ! பனி இஞ்ச இல்லை! இது எங்கட வீடு!” என்று, இலக்கணம் ஒன்றுமில்லாத பிரெஞ்சில், தெரு முழுவதும் கேட்கக் கத்தினாள். அந்த மனிதர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். நான் பழைய பழக்கத்தில் கோப்பையை வைத்துவிட்டுக் கதவடிக்கு ஓடினேன்.

“அம்மா, நான் வந்து சொல்லட்டோ?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கையைக் காட்டி என்னை மறித்தாள்.

“நீ உள்ள இரு. நான் கதைக்கிறன்.”