வரிசையின் கடைசி இடம்

1. சுடுகாட்டு வழி

"என் பொண்ணுக்குப் பேய் புட்ச்சிகிச்சு. நீதான்மே காரணம்!"

வண்ணாரப்பேட்டைக் கடைத்தெரு நடுவில், அத்தனை பேர் பார்க்க, முனுசாமி அண்ணன் என்னைப் பார்த்துக் கத்தியது இப்படித்தான். ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் மிஷின் ஓட்டுகிறவர். அந்தச் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. எனக்கு மட்டும் என்ன குறைச்சல்? டிராம் மணிக்கு மேல் கத்திச் சம்பாதித்தவள் நான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். அந்தக் காலத்தில் பெண் பிள்ளையைத் தனியாகத் தெருவில் விடமாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வரிசையாக நடத்திக் கூட்டிப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விட ஒரு ஆயா. அது நான். எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் என் வரிசையில் ஒரு பிள்ளை கை விட்டுப் போனதில்லை. காலில் செருப்பு கிடையாது. சித்திரை வெயிலில் பிள்ளைகள் நிழலைப் பார்த்து ஓடும், நானும் கூட ஓடுவேன். அதிருக்கட்டும்.

மூலக்கொத்தளத்துப் பக்கமிருந்து வரும்போது சுடுகாட்டு மதிலை ஒட்டித்தான் நடக்க வேண்டும். அந்த வழியாகக் கூட்டிப் போனதில் பட்டம்மாவுக்குக் காற்று கருப்பு அண்டிவிட்டதாம். பட்டம்மா அவருடைய மூத்த மகள்.

"ஏன் அண்ணே," என்றேன், "அந்த வழியா என் வரிசை மொத்தமும் தான் நடந்துச்சு. மத்த பசங்களை வுட்டுட்டுப் பேய்க்கு உன் பொண்ணு மட்டும் எப்டி ஆப்ட்டா? மத்தவங்க இன்னா, டிக்கெட்டு வாங்கிகினு வந்தாங்களா?"

கடைத்தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பேச மாட்டேங்குதும்மே. சோறு துன்ன மாட்டேங்குது. சொவத்தப் பாத்துகினே குந்திகினு கீது. வெள்ளிக்கெழம பூசாரி வர்றாரு" என்றார். கோபத்துக்கு அடியில் அந்த மனுஷன் பயந்து போயிருந்தார்.

வேப்பிலையால் அடித்துப் பேய் ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பேய் போனதோ இல்லையோ, அந்தப் பெண்ணின் முதுகுத் தோல் போனது.

2. எனக்குத் தெரிந்த பேய்

பட்டம்மாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வயதுக்கு வந்துவிட்டாள். பாவாடையிலும் பெஞ்சிலும் கறை. பக்கத்தில் இருந்த ரோஸி, "ஏ கலீஜ்!" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டினார், ஆனால் யாரை? "எந்திரிச்சு வெளியே போய் நில்லு" என்று பட்டம்மாவை. பகலில் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் எடுத்து வைப்பதும் நான்தான்; குடத்தோடு வந்தபோது பிள்ளை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

என் முந்தானையைச் சுற்றி அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழியில் ஒரே ஒரு பேச்சு: "எல்லாரும் சிரிச்சாங்க ஆயாம்மா."

வீட்டிலாவது ஆறுதல் உண்டா? "நடுத்தெருவுல மானத்த வாங்கிட்டியேடி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சடங்கு முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும், இனிமேல் பள்ளிக்கூடம் கிடையாது என்றார் அப்பா. அன்றைக்கே பட்டம்மா வாய் மூடிக்கொண்டது. வெட்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு பேய் என்றார்கள்.

3. கடைசி இடம்

பட்டம்மா வரிசைக்கு வால். அதாவது கடைசி ஆள். டிராம் ரோட்டைத் தாண்டியதும் நான் முன்னாலிருந்து, "வால் வந்தாச்சா?" என்று கத்துவேன். பின்னாலிருந்து, "வந்தாச்சு ஆயாம்மா!" என்று குரல் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் நடப்போம். ஒன்றாம் வகுப்புச் சின்னி எப்போதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருவாள்.

கடைத்தெருச் சண்டைக்கு மறுநாள், "நான் வாலா நிக்கட்டா ஆயாம்மா?" என்று ரோஸி கேட்டாள்.

"அந்த எடத்துக்கு ஆளு கீது."

"அவதான் வர மாட்டாளே?"

"வருவா. நீ கூப்டு. கலீஜ்னு பேரு வெச்ச வாய் தானே? அதே வாயால ஒழுங்கான பேரச் சொல்லிக் கூப்டு."

ரோஸி தலையைக் குனிந்தாள். கெட்ட பெண் இல்லை அவள். சிரித்தால் நாலு பேர் கூடச் சிரிக்கிறார்களே என்று சிரிக்கிற வயசு.

அன்றிலிருந்து தினமும் பட்டம்மா வீட்டு முன்னால் வரிசையை நிறுத்தினேன். பேர் சொல்லிக் கூப்பிட்டோம். கதவு திறக்காது. பள்ளிக்கூடத்துக்கு லேட். பெரிய டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் பொண்ணு பேரை ரெஜிஸ்டர்ல அடிச்சாச்சு. தெரியுமில்ல?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க அடிச்சது எனக்கு எப்டித் தெரியும்?"

"உன் வேலை பசங்களைக் கூட்டிகிட்டு வர்றது. இன்னொரு நாள் லேட்டானா வேலை இல்ல."

"அந்தப் பசங்கள்ல ஒண்ணத்தாங்க இட்டாரப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை, மடியில் பிள்ளை வேறு. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

4. வெள்ளிக்கிழமை

காலையிலேயே பூசாரி வாசலில் உட்கார்ந்திருந்தார். உடுக்கை, வேப்பிலைக் கட்டு, கால் கட்டிய கோழி. நான் வரிசையோடு போய் நின்றேன்.

"இன்னாம்மே, வூட்டு முன்னாடி கூச்சல்? இட்டுகினு போ!" என்றார் முனுசாமி அண்ணன்.

"வால் இல்லாம என் வரிசை நவுராது அண்ணே."

ரோஸி முன்னால் வந்தாள். குரல் உடைந்தது. "பட்டம்மா, நான் ரோஸிடி. நான் சொன்னது தப்புடி. வாடி." சின்னி வாசற்படியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். "பட்டக்கா வந்தா தான் நானு வருவேன்."

பூசாரி உடுக்கையை எடுத்து அடிக்கத் தொடங்கினார். வந்ததே எனக்குக் கோபம்! டிராமையே அடக்கிய தொண்டைக்கு உடுக்கை எம்மாத்திரம்?

"வால் வந்தாச்சா?"

இன்னும் மூச்சை இழுத்து, தெருவே அதிரக் கத்தினேன். "வால் வந்தாச்சாஆஆ?"

உள்ளிருந்து ஓட்டைப் பானையில் காற்று ஊதியதுபோல் ஒரு குரல்.

"வந்தாச்சு... ஆயாம்மா."

அவள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். முனுசாமி அண்ணன் கையிலிருந்த சொம்பு உருண்டது. பூசாரி மட்டும் நிதானமாக, "பாத்தியா, நான் வந்து குந்துனதுமே பேய் ஓடிப்பூட்ச்சி!" என்று கோழியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். போகட்டும். அந்தக் கோழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

அன்றைக்கே அவள் பள்ளிக்கூடம் வந்துவிடவில்லை. முதலில் வாசல் வரை, பிறகு டிராம் ரோடு வரை, கடைசியில் ஒரு நாள் வகுப்பு வரை. பள்ளிக்கூடம் கிடையாது என்ற முனுசாமி அண்ணனே பின்னால் நடந்து வந்து மறைந்து நின்று பார்ப்பார், அந்தப் பெரிய உடம்பை ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு! பெரிய டீச்சர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. அடித்த பேரைத் திரும்ப எழுதிக்கொண்டார். வகுப்பு டீச்சரிடம் நான் நேராகவே சொன்னேன், "சிரிச்சவங்கள வெளிய நிறுத்துங்கம்மா, அழுதவள நிறுத்தாதீங்க" என்று. முகம் சிவந்தது. அதற்குப் பிறகு என் தண்ணீர் அறையில் மாற்றுத் துணி வைக்கச் சொன்னவரும் அவர்தான்.

பட்டம்மா சில நாள் மறுபடியும் ஊமையாகிவிடுவாள். அந்த நாளில் நான் கட்டாயப்படுத்தமாட்டேன். கடைசி இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

வீடு ஏசியது, கூட்டாளிகள் சிரித்தார்கள், பள்ளிக்கூடம் வெளியே நிறுத்தியது. மூன்றும் சேர்ந்து ஒரு பிள்ளை வாயை அடைத்துவிட்டு, பழியைத் தூக்கிச் சுடுகாட்டில் போட்டன. செத்தவர்கள் பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

இப்போது இந்த வேலைக்கு வேன் வந்துவிட்டது. வேனில் ஆயா வேலைக்குப் போகிற பெண்களே, ஒரு பிள்ளை வரவில்லையென்றால் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். இறங்கி, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். லேட்டாகும். ஆகட்டும். பேரை அடித்தாச்சு என்று யாராவது சொன்னால், எங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லுங்கள். நீங்களெல்லாம் படித்தவர்கள்தான். இருந்தாலும் சொல்லுங்கள்.