மடிக்கு வரும் பைகள்

பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் என் மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அதை எடுக்கவில்லை. பஸ் பழகிவிட்டது. செலவு குறைந்தது, இடுப்பு வலியும் குறைந்தது. பிறகு மைத்துனர் கேட்டார், கொடுத்துவிட்டேன். இரத்தோட்டையில் ஏறினால் மாத்தளைக்கு முக்கால் மணி நேரம், மழை பெய்தால் அதற்கும் மேலே. பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் எனக்குத் தினமும் இருக்கை கிடைக்கும்.

இருக்கை கிடைத்தவனுக்கு ஒரு வேலையும் கூடவே கிடைக்கும். எங்கள் பஸ்களில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. தமிழர் "பேக்க தாங்க" என்பார், சிங்களவர் "பேக் எக்க தென்ன" என்பார், சில வேளை ஒன்றுமே சொல்லாமல் கை நீட்டுவார். வாங்குபவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கொடுப்பவர் நன்றி சொல்வதில்லை. என் மடியில் புத்தகப் பை, மிளகுச் சாக்கு, கொய்யாப்பழம் எல்லாம் பயணம் செய்திருக்கின்றன. ஒருமுறை ஒரு சேவலும் வந்தது. அது என் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டே மாத்தளை வரை வந்தது.

நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். வயது நாற்பத்திநான்கு. சிங்களம் பேசுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் பேரம் பேசுவேன், கொண்டக்டரிடம் சண்டை போடுவேன், பகிடி விடுவேன். எழுதச் சொன்னால் மட்டும் ஒரு வரிகூடச் சரியாக வராது. அரசாங்க வேலையில் இருப்பவர் மற்ற மொழியில் எழுத்துப் பரீட்சை தேற வேண்டும், இல்லாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டேன். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். அலுவலகத்தில் சிங்களக் கடிதம் ஒன்று எழுத வேண்டி வந்தால், என்னைவிட இருபது வயது இளைய பெண்ணிடம் போய் நின்று "மகள், இத கொஞ்சம் எழுதித் தாங்களேன்" என்று கெஞ்ச வேண்டும். அதுதான் என்னைத் தின்றது.

மூன்றாவது பரீட்சைக்கு ஆறு வாரம் இருந்தது. போனில் ஒரு கால அட்டவணை போட்டேன். நாலரைக்கு எழும்புவது, ஐந்து வரை எழுத்து, ஐந்தரை வரை இலக்கணம். முதல் நாள் அலாரம் அடித்தது, மனைவி எழும்பிவிட்டாள், நான் எழும்பவில்லை. நாலாம் நாள் அவளே அலாரத்தை அணைத்துவிட்டு, "படிக்கிறது நீங்க, முழிக்கிறது நானா?" என்று கேட்டாள். அப்போதுதான் பஸ்ஸில் போகும் அந்த முக்கால் மணி நேரம் கண்ணில் பட்டது.

முதல் வாரம் ஜன்னல் வழியே பெயர்ப் பலகைகளைப் படித்தேன். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. நாம் கடை என்கிறோம், அவர்கள் கடே என்கிறார்கள். ஜன்னல், மேசை, அலுமாரி, சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கீசர் போட்டுவிட்டுப் போனவை. இரண்டு வீட்டிலும் அதே சாமான்கள்தான் கிடக்கின்றன. ஆனால் எழுத்து அப்படியல்ல. நமக்கு ஒரே ஒரு க போதும், அவர்கள் நான்கு வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எந்த க என்பதிலேயே இரண்டு பரீட்சையும் போய்விட்டன. உட்கார்ந்து எழுதிப் பார்த்தால்தான் கைக்குள் வரும் என்று புரிந்தது. எழுத மடி வேண்டும். மடியிலோ ஊர்ப் பைகள்.

நான் ஒரு தந்திரம் செய்தேன். பெரிய கோப்பு ஒன்றை மடியில் விரித்தேன். காதில் இயர்போனை மாட்டினேன். பாட்டுக் கேட்கவில்லை, சும்மா மாட்டினேன். குனிந்த தலையை மாத்தளை வரும்வரை நிமிர்த்தவில்லை. இரண்டு மூன்று நாளில் பைகள் வேறு மடிகளைத் தேடிப் போயின. பத்தே நாளில் ஒரு கொப்பியை முடித்தேன். அலுவலகத்தில் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று இரண்டு பேருக்குப் புத்தி கூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாதி வழியில் தோட்டத்துச் சந்தியில் ஓர் அக்கா ஏறுவார். ஐம்பது வயதிருக்கும். மாத்தளையில் கராம்பு, ஏலம் துப்புரவு செய்யும் ஸ்டோரில் வேலை. அவர் பக்கத்தில் வந்து நின்றாலே கராம்பு வாசம் வரும். நான் தந்திரம் தொடங்கும்வரை அவருடைய பை தினமும் என் மடிக்குத்தான் வரும்.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு காலை, அவர் கனமான பையோடு ஏறி என் பக்கத்தில் நின்றார். "தம்பி" என்றார், மெதுவாக, ஒரே ஒரு தடவை. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் நாலாவது க-வை எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்த வளைவில் எதிரே லொறி வந்தது. டிரைவர் பிரேக் அடித்தார். அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடிக்க, பை இருக்கையின் இரும்பில் போய் மோதியது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம். அவர் பையை மெல்ல ஆட்டிப் பார்த்தார். பிளாஸ்க்கின் உள்கண்ணாடி கலகலவென்றது. பையின் அடியிலிருந்து கொத்தமல்லி அவித்த தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

எனக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்த சிங்கள டீச்சர் உடனே கை நீட்டி, "பேக் எக்க தென்ன" என்றார். வேண்டாம், ஒழுகுகிறது, உங்கள் சேலை நனைந்துவிடும் என்று அக்கா சிங்களத்திலேயே சொன்னார். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நேற்று ஆண் குழந்தை பிறந்தது, அவளுக்குக் குடிக்க என்றார் அக்கா. சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். சொட்டும் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு மாத்தளை வரை நின்றே வந்தார். நான் பின்கதவால் இறங்கி ஓடிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பகல் இடைவேளையில் கடைவீதிக்குப் போய் ஒரு பிளாஸ்க் வாங்கினேன். மறுநாள் அவரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். மறுநாள் அவர் ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. குழந்தைக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயம் வந்தது. பஸ் தோட்டத்துச் சந்தியில் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கோப்பைத் திறக்கவில்லை. வந்த பைகளையெல்லாம் கேட்காமலே வாங்கினேன், சும்மா இருந்த டீச்சரின் குடையைக்கூட வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சனிக்கிழமை பரீட்சை. முன்பு இரண்டு முறையும் கட்டுரைகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். காட்டைப் பாதுகாப்போம், எங்கள் ஊர், நல்ல குடிமகன். இந்த முறையும் அவை தலைக்குள் தயாராக இருந்தன. வினாத்தாளில் வந்ததோ, பயணத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. மனப்பாடக் கட்டுரை ஒன்றை வளைத்துப் பொருத்தலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அந்த அக்காவைப் பற்றி எழுதினேன்.

அழகான சொல் ஒன்றும் என்னிடம் இல்லை. அவர் பஸ்ஸில் ஏறினார். அவர் கையில் ஒரு பை இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டார். இப்படிச் சின்னப் பிள்ளை எழுதுவது போலத்தான் எழுதினேன். "எனக்குக் கேட்டது" என்ற இடம் வந்தபோது கை நின்றுவிட்டது. சிங்களத்தில் அது இரண்டு சொல்தான். வீட்டில் மனைவியிடம்கூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்குமளவுக்கு மூக்கை உறிஞ்சிவிட்டு, எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. சிங்களத்தில் யாரையும் பார்க்காமல் நானாக எழுதிய முதல் பக்கம் அது.

முடிவு வர மூன்று மாதம் எடுத்தது. தேறிவிட்டேன், பெரிய புள்ளி ஒன்றுமில்லை. இப்போது அலுவலகத்தில் கடிதத்தை நானே எழுதுகிறேன். அந்தப் பெண்ணிடம் பிழை பார்க்க மட்டும் கொடுக்கிறேன், அவளும் சிவப்புப் பேனாவோடுதான் வருகிறாள்.

பரீட்சைக்கு அடுத்த வாரம், புதன்கிழமை, அக்கா மறுபடி ஏறினார். "பேக்க தாங்க அக்கா" என்று கை நீட்டினேன். தந்தார். கேட்பதற்கு முன்பே பேரனைப் பற்றிச் சொன்னார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் தம்பி. நல்லா பால் குடிக்கிறான். ஒரு கெழம லீவு போட்டு மகளோட இருந்தேன்."

எனக்கு உயிர் வந்தது. ஒன்பது நாளாக என்னோடு அலுவலகம் போய் வந்த பிளாஸ்க்கை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு அக்கா" என்றேன். எழுதியதைவிடச் சொல்வது சிரமமாக இருந்தது.

"தெரியும் தம்பி" என்றார். "காதுல மாட்டியிருந்தீங்களே, அந்த வயரோட மத்த நுனி சும்மா தானே தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முந்தியே ஒரு வாரமா பாத்துக்கிட்டு தான் வந்தேன். பரீட்சைக்கு படிக்கிறீங்கன்னு கொண்டக்டர் சொன்னாரு. சரி, படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலோர டீச்சர் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இவ்வளவு தமிழ் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா பிளாஸ்க்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்து, மூடினார். என் மடியிலிருந்த தன் பைக்குள் அதை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் துணியைச் செருகினார். பிறகு என் இரண்டு கைகளையும் எடுத்துப் பையின் மேல் வைத்தார்.

"வளைவு வருது" என்றார். "நல்லா புடிச்சிக்கங்க."